மெதுவாக ஓட்டி வென்றது போதும்!



தோட்டத்துத் திடலில் விளையாட்டுப் போட்டி. கயிறு இழுத்தாயிற்று. சாக்கு ஓட்டம் முடிந்தது. பெண்களுக்கு ஊசியில் நூல் கோர்க்கும் போட்டியும், இசை நாற்காலியும் நடந்து முடிந்தன. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்து, மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி!" என்கிறார். உடனே திடலில் ஒரு கலகலப்பு!

இந்தப் போட்டியைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கோடு போட்ட ஒடுங்கிய பாதை. கால் தரையில் பட்டால் தோல்வி. கோட்டைத் தாண்டினால் தோல்வி. கடைசியாக எல்லைக்கு வந்து சேருபவருக்கே முதல் பரிசு! ஒரு தோம்போ, ஒரு துவாலையோ, அரை டஜன் கிளாஸோ கிடைக்கும். சைக்கிளின் முன்சக்கரத்தை இப்படியும் அப்படியும் ஒடித்து ஒடித்து, நின்ற இடத்திலேயே நிற்கும் அந்த மாமாவைப் பார்த்துக் கைதட்டாதவர் நம்மில் யார்?

ஆனால், எப்போதாவது இதைக் கேட்டிருக்கிறீர்களா? நம் திடலில் மெதுவாக ஓட்டும் போட்டி நடந்தது. வேகமாக ஓட்டும் போட்டி ஏன் நடக்கவில்லை?

திடல் சிறியது என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. அந்தச் சைக்கிள் மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய சைக்கிள்! வேகமாக ஓட்டி விழுந்து, ரிம் வளைந்துபோனால் வேலைக்கு எதில் போவது? பழுது பார்க்கப் பணம் யார் தருவது? ஆகவே நம்மவர்கள் மெதுவாக ஓட்டினார்கள். சைக்கிள் அவர்களுக்குச் சோறு போட்ட வண்டி. அதை வைத்துப் பந்தயம் கட்ட முடியவில்லை.

பாதி வித்தை நம்மிடம் இருந்தது

ஓர் அதிசயத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். உலகச் சைக்கிளோட்டப் போட்டிகளில் 'ஸ்பிரிண்ட்' என்று ஒரு போட்டி உண்டு. இருவர் இறங்குவார்கள். சுற்று தொடங்கியதும் இருவரும் பாய்ந்து ஓடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! ஆமை போல் ஊர்வார்கள். சில வேளைகளில் சைக்கிளை அசையாமல் நிறுத்திவிட்டு, மிதியில் கால் வைத்தபடியே சமநிலை காத்து நிற்பார்கள்.

ஏன் தெரியுமா? முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருகிறவருக்கு அவர் முதுகே மறைப்பு. பலம் மிச்சமாகும். அதனால் எதிராளியை முன்னே தள்ளிவிடப் பார்ப்பார்கள். கடைசி 200 மீட்டரில்தான் புலிப் பாய்ச்சல். உலகத் தரமான ஆண்கள் அந்த 200 மீட்டரைப் பத்து விநாடிக்குள் கடந்துவிடுவார்கள். அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம்!

நம் மாமா திடலில் செய்து காட்டியது இந்த வித்தையின் முதல் பாதி. மறு பாதியைக் கற்றுக்கொடுக்கத்தான் ஆள் வரவில்லை.

சைக்கிள் நமக்குப் புதியதல்ல

கோலசிலாங்கூர் வட்டாரத்துக்கும் நமக்கும் உள்ள உறவு நெடியது. நாட்டில் வாணிப முறையில் செம்பனை பயிரிட்ட முதல் தோட்டம், 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகொன்னியே தொடங்கிய தெனமாரம் தோட்டம்தான். பத்தாங் பெர்ஜுந்தைக்கு இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பால்மரமாக இருந்தாலும் செம்பனையாக இருந்தாலும், அங்கே உழைத்த நம் மக்களுக்கு வலது கை சைக்கிள்.

பால் தோம்புகளை இருபுறமும் கட்டித் தொங்கவிட்டு, சேற்றுப் பாதையில் மிதித்தார்கள். பிறகு குலை அறுக்கும் நீண்ட கொக்கிக் கத்தியைக் கட்டிக்கொண்டு மிதித்தார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டதும், பின்கேரியரில் அரிசி மூட்டை ஏற்றி வந்ததும் அதே சைக்கிள்.

நிலமும் நமக்குச் சாதகம். ஜெராமிலிருந்து கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் வரை கடலோரமாகச் சமவெளி. மேடு வேண்டுமென்றால் மெலாவத்தி மலை இருக்கிறது. காலும் இருந்தது, மூச்சும் இருந்தது, நிலமும் இருந்தது. பிறகு ஏன் பந்தயச் சைக்கிளில் நம் பிள்ளைகளை அதிகம் காணவில்லை?

அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காகச் சைக்கிளோட்டத்தில் இறங்கியவர்களுள் முருகையன் குமரேசன் ஒருவர். நம்மால் முடியும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால், அவரைப்போல் இன்னும் நான்கு பெயர் சொல்லுங்கள் என்றால் நாம் திருதிருவென்று விழிக்கிறோம். காற்பந்தில் கேட்டால் பெயர்களை அடுக்கிக்கொண்டே போவோம். ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் விளையாடலாம். ஒரு பந்தயச் சைக்கிளில் ஒருவர்தானே ஓட்ட முடியும்?

எழுதிய சட்டமும் எழுதாத சட்டமும்

அமெரிக்காவில் மேஜர் டெய்லர் என்று ஒரு கறுப்பின இளைஞர் இருந்தார். 1878-இல் பிறந்தவர். அவர் பதின்ம வயதில் பந்தயங்களில் கலக்கிக்கொண்டிருந்தபோது, 1894-இல் அந்நாட்டுச் சைக்கிளோட்டிகள் சங்கம் ஒரு விதி போட்டது: வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம்! பந்தயத்தில் அவரைச் சூழ்ந்து நெருக்கினார்கள், தள்ளிவிட்டார்கள். அவரோ 1899-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உலக வெற்றியாளர் ஆனார். ஆனால், 1932-இல் ஏழையாகவே இறந்தார். அந்தச் சங்கம் தன் பழைய விதியை முறைப்படி நீக்கியது எப்போது தெரியுமா? 1999-இல்! நூறாண்டுக்கும் மேல் அந்தக் கறை அப்படியே கிடந்தது.

நம் நாட்டில் அப்படி எழுதிய சட்டம் எதுவும் இல்லை. எந்த இனத்துப் பிள்ளையும் சைக்கிளோட்டத்தில் சேரலாம். ஆனால், எழுதாத சட்டங்கள் நான்கு இருக்கின்றன. அவை நான்கு பூட்டுகள்.

முதல் பூட்டு பணம். பந்தயச் சைக்கிளின் விலை பல ஆயிரம் வெள்ளி. அதற்கு மேல் டயர், காலணி, தலைக்கவசம், பயணச் செலவு. தோட்டக் குடும்பத்தின் சில மாதச் சம்பளம் அதிலேயே போய்விடும்.

இரண்டாம் பூட்டு தூரம். 250 மீட்டர் மரத்தளம் அமைந்த தேசியச் சைக்கிளோட்ட அரங்கம் நெகிரி செம்பிலான் மாநிலத்து நீலாயில் இருக்கிறது. 2017 சீ விளையாட்டுப் போட்டியில் ஓடுதளச் சைக்கிளோட்டம் நடந்தது அங்கேதான். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து போவதானால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். போய்வர ஒரு நாள் பிழைப்பு போகும்.

மூன்றாம் பூட்டு சாலை. செம்பனைக் குலை ஏற்றிய லாரி, மணல் லாரி இவற்றுக்கு நடுவே பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

நான்காம் பூட்டு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பத்து வயதுவரை அண்ணனோடு போட்டி போட்டுச் சைக்கிள் ஓட்டிய பெண் பிள்ளையிடம், "வயசுக்கு வந்துட்டே, இனிமே உனக்கு எதுக்கு சைக்கிள்?" என்கிறோம். சைக்கிள் தம்பிக்குப் போய்விடுகிறது. அவளும் வாசற்படியில் நின்று பார்க்கத் தொடங்கிவிடுகிறாள்.

கதவைப் பூட்டிவிட்டால் பிள்ளைகளின் வேக ஆசை செத்துவிடுமா? அதுதான் இல்லை! 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் நடந்தது நினைவிருக்கிறதா? மாற்றியமைத்த சைக்கிள்களில் நள்ளிரவு கடந்த நேரத்தில் சாலையில் இறங்கிய பிள்ளைகள் மீது கார் மோதி எட்டுப் பேர் மாண்டார்கள். வேகத்தைக் காட்ட ஒரு திடலும், கண்காணிக்க ஒரு பெரியவரும் இல்லையென்றால், பிள்ளைகள் சாலையையே திடலாக்கிக்கொள்வார்கள். இது எல்லா இனத்துப் பெற்றோரையும் சுடும் உண்மை.

டுங்குன் சொல்லும் பாடம்

சரி, பெரிய நகரத்துப் பணக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இந்த விளையாட்டா? நம் நாட்டின் மிகப் பெரிய சைக்கிளோட்ட வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் எங்கிருந்து வந்தார், பாருங்கள். திரங்கானு மாநிலத்தின் கடலோரச் சிற்றூரான டுங்குன்!

உருவத்தில் சிறியவர். அதனால் 'பாக்கெட் ராக்கெட்மேன்' என்று செல்லப் பெயர். 2011-இல் மான்செஸ்டர் நகரப் போட்டியில் கீழே விழுந்தபோது ஓடுதளத்து மரச் சிராய் அவருடைய கெண்டைக்காலில் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வந்துவிட்டது. அந்த நிலையிலும் எழுந்து ஓட்டி எல்லைக் கோட்டைக் கடந்தார்! 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் 'கெய்ரின்' போட்டியில் வெண்கலம். 2017-இல் ஹாங்காங்கில் உலக வெற்றியாளர். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி.

அதே திரங்கானுவிலிருந்து ஃபத்தேஹா முஸ்தாப்பா என்ற பெண் வந்தார். 2012 லண்டன், 2016 ரியோ என இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் நாட்டுக்காகச் சைக்கிள் ஓட்டினார்.

கடலோரக் கிராமங்கள் நிறைந்த ஒரு மாநிலத்திலிருந்து இத்தனை பேர் எப்படி வந்தார்கள்? அங்கே சைக்கிளோட்டத்தை ஊரே தன் விளையாட்டாக எடுத்துக்கொண்டது. முன்னே ஓட்டிய அண்ணன்மார் இருந்தார்கள், பயிற்றுநர்கள் இருந்தார்கள். 2011-இல் மாநிலத்தின் பெயரிலேயே தொழில்முறைக் குழு ஒன்றும் உருவானது. சிறுவன் சைக்கிளில் ஏறும்போதே அடுத்த படி எது என்று அவனுக்குத் தெரிந்தது. நம் தோட்டத்துப் பிள்ளைக்குக் கால் பலத்தில் குறைவில்லை. படிக்கட்டுதான் இல்லை.

புதுக்கோட்டைப் பெண்கள்

தாய்மார்களே, இது உங்களுக்காக.

நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டில், புதுக்கோட்டை வறண்ட மாவட்டம். 1991-இல் அங்கே 'அறிவொளி இயக்கம்' தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கல்வி கொடுப்பதே நோக்கம். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஒன்றைக் கவனித்தார். பெண்களால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாமாகப் போக முடியவில்லை. தகப்பனையோ கணவனையோ அண்ணனையோ எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. ஆகவே அ, ஆ கற்றுக்கொடுக்கும்போதே சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள்!

வயற்காட்டுக் கூலிப் பெண்கள், கல் உடைக்கும் பெண்கள், பாலர் பள்ளி ஆசிரியைகள், கிராமத்துத் தாதியர் என்று எல்லாரும் ஏறினார்கள். கேலி பேசினார்கள், கண்டபடி பேசினார்கள். பெண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் சைக்கிள் போதாமல் போனபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். "நடுவில் பார் இருப்பதும் நல்லதுதான், பிள்ளையை உட்கார வைக்கலாமே!" என்று நினைத்தவர்களும் உண்டு. ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு லட்சம் பெண்கள் அளவில் சைக்கிள் ஓட்டத் தெரிந்துகொண்டார்கள்.

அவர்கள் பதக்கம் வாங்கவில்லை. ஆனாலும் போட்டிச் சைக்கிளோட்டத்தைப் பேசும்போது இதை ஏன் சொல்கிறேன்? பெண் ஓட்டலாமா என்ற கேள்வி ஊரில் தீர்ந்தால்தான், பெண் எவ்வளவு வேகமாக ஓட்டுவாள் என்ற கேள்வி திடலில் எழும்.

உலகமும் இதில் நம்மைவிடப் பெரிதாக முந்திவிடவில்லை. முதல் ஒலிம்பிக் நடந்த 1896-இலேயே ஆண்களுக்குச் சைக்கிளோட்டம் இருந்தது. பெண்களுக்கு எப்போது இடம் கிடைத்தது? 1984-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில்! எண்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் சைக்கிளோட்டத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் இடம் ஒதுக்கப்பட்டது.

ஏழை நாட்டின் பச்சைச் சட்டை

ஆப்பிரிக்காவில் எரித்திரியா என்று ஒரு சிறிய, ஏழை நாடு. ஒரு காலத்தில் இத்தாலியர் ஆண்ட நாடு. நமக்கு வெள்ளைக்காரர் காற்பந்தை விட்டுச் சென்றதுபோல், அங்கே இத்தாலியர் சைக்கிள் பந்தயத்தை விட்டுச் சென்றார்கள். தலைநகர் அஸ்மாராவில் பந்தயம் என்றால் தெருவெல்லாம் கூட்டம். ஊர் மக்கள் அதைத் தங்கள் விளையாட்டாக ஆக்கிக்கொண்டார்கள்.

அந்த மண்ணில் 2000-இல் பிறந்த பினியம் கிர்மாய், சுவிட்சர்லாந்தின் எய்கிள் என்ற ஊரில் இருக்கும் உலகச் சைக்கிளோட்ட மையத்தில் பயிற்சி பெற்றார். வசதி குறைந்த நாடுகளின் பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிடும் இடம் அது. 2024 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அவர் மூன்று கட்டங்களை வென்று, அதிகப் புள்ளிகளுக்கான பச்சைச் சட்டையையும் அணிந்தார். நூறாண்டு கடந்த அந்தப் பந்தயத்தில் ஒரு கட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவரே! 2025-இல் உலகச் சாலைச் சைக்கிளோட்டப் போட்டி முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணில், ருவாண்டாவின் கிகாலி நகரில் நடந்தது.

மேஜர் டெய்லரைத் தள்ளிவிட்ட அதே விளையாட்டுதான் இது. கதவு திறக்க மறுத்தது. தட்டத் தட்டத் திறந்தது.

இன்னொரு கதவையும் சொல்லிவிடுகிறேன். கண் பார்வை இல்லாதவரும் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டலாம்! இருவர் ஓட்டும் நீண்ட சைக்கிளில், முன்னால் பார்வையுள்ளவர் திசை பார்ப்பார். பின்னால் இருப்பவர் சேர்ந்து மிதிப்பார். கால் இயங்காதவர் கையால் சுழற்றும் வண்டியும், சமநிலை குறைந்தவர்களுக்கு மூன்று சக்கர வண்டியும் இருக்கின்றன. 1984 முதல் உடற்குறையுள்ளோருக்கான பாராலிம்பிக்கில் சைக்கிளோட்டம் இடம்பெற்று வருகிறது. நம் வரிசை வீட்டில் ஒரு மூலையில் உட்காரவைத்திருக்கும் பிள்ளையை இதைப் படித்தபின் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியது என்ன?

அரசாங்கம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கேட்போம். கேட்டுக்கொண்டே, நம் கையில் உள்ளதைச் செய்வோம்.

முதலாவது: அடுத்த விளையாட்டுப் போட்டியில் வேகச் சைக்கிளோட்டத்தையும் சேருங்கள். தோட்டமானாலும் சரி, தமிழ்ப்பள்ளியானாலும் சரி, குடியேறிய தாமானானாலும் சரி. வயதுவாரியாகப் பிரியுங்கள். ஆண்களுக்கு எத்தனை போட்டியோ, பெண்களுக்கும் அத்தனை வையுங்கள். பரிசும் ஒரே அளவில் இருக்கட்டும். ஊசி நூல் போட்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை; அதோடு நின்றுவிட வேண்டாம் என்கிறேன்.

இரண்டாவது: தொடக்கத்துக்குப் பந்தயச் சைக்கிள் தேவையில்லை. பிரேக்கு சரியாக இருக்கும் சாதாரணச் சைக்கிள் போதும். பிள்ளையின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். "வளர்ந்த பிறகும் ஓட்டட்டும்" என்று பெரிய சைக்கிளில் ஏற்றிவிடாதீர்கள். எட்டாத மிதியை எட்டி எட்டி மிதித்தால் முட்டிக்குக் கேடு.

மூன்றாவது: கூட்டாக வாங்குங்கள். ஒரு குடும்பத்தால் முடியாத பந்தயச் சைக்கிளைப் பத்துக் குடும்பம் சேர்ந்தால் வாங்கலாம். கூட்டுறவும் கூத்துப் பணமும் நமக்குப் புதிதா? இளைஞர் மன்றத்தின் பெயரில் இரண்டு சைக்கிள் இருந்தால், வாரம் முழுக்கப் பல பிள்ளைகள் மாறி மாறிப் பழகலாம். சைக்கிள் மன்றத்துக்குச் சொந்தம் என்றால், அது உடைந்தால் அப்பாவின் வேலை போய்விடுமோ என்ற பயமும் இல்லை.

நான்காவது: பாதுகாப்பு. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். உலகத் தொழில்முறைப் பந்தயத்திலேயே 2003-இல் ஆந்திரே கிவிலெவ் என்ற வீரர் விழுந்து இறந்த பிறகுதான் தலைக்கவசம் கட்டாயமானது. அவர் உயிர் கொடுத்துச் சொன்ன பாடத்தை நாம் இலவசமாகக் கற்றுக்கொள்வோம். ஞாயிறு காலையில் லாரி ஓடாத தோட்டத்து உட்பாதையை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டுப் பயன்படுத்துங்கள். இரு முனையிலும் பெரியவர் ஒருவர் நிற்கட்டும். ஓடுதளச் சைக்கிளுக்குப் பிரேக்கு கிடையாது என்று பிள்ளைகள் எங்கேனும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது மூடிய அரங்கத்துக்கு மட்டுமே என்று அழுத்திச் சொல்லுங்கள்.

ஐந்தாவது: படிக்கட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியின் புறப்பாட ஆசிரியரைப் பாருங்கள். மாவட்ட இளைஞர் விளையாட்டு அலுவலகத்துக்குப் போங்கள். 1986 முதல் நடந்துவரும் சுக்மா போட்டிக்கு மாநிலக் குழுவை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒரு தகப்பன் தனியாகப் போனால் "பிறகு வாங்க" என்பார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கமாகப் போனால் உட்கார வைத்துப் பதில் சொல்வார்கள்.

எல்லாப் பிள்ளையும் அசிசுல்ஹஸ்னி ஆகிவிடுவார்களா? மாட்டார்கள். ஆனால், தன் காலின் பலம் எவ்வளவு என்று தெரியாமலே ஒரு பிள்ளை வளர்ந்துவிடுவது பெரிய நட்டம் அல்லவா? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, நம் குடும்பங்கள் பல தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிவிட்ட காலம் இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை ஒன்றுகூட்ட ஒரு காரணம் வேண்டும். அது சைக்கிளாக இருக்கட்டுமே!

மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியும் இருக்கட்டும். மாமா வழக்கம்போல் கடைசியாக வந்து முதல் பரிசை வாங்கட்டும். அது முடிந்ததும் அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்து, பெண்களுக்கான வேகச் சைக்கிளோட்டம்!" என்று சொல்லட்டும்.

அப்போது உங்கள் மகள் வாசற்படியில் நிற்கிறாளா, புறப்படும் கோட்டில் நிற்கிறாளா? அதை முடிவு செய்யப்போகிறவர் நீங்கள்தான்.